‘பாப்ரிகா’ ஏன் குழப்புகிறது? கனவுக்குள் நுழையும் கருவியும் சதோஷி கோனின் வெட்டுகளும்

2006-இல் வெளிவந்த ‘பாப்ரிகா’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பார்த்து முடித்தவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: இதில் எது கனவு, எது நிஜம்? படம் ஓடுவது 90 நிமிடம். அதற்குள் ஃப்ரிட்ஜும் தவளைகளும் பொம்மைகளுமாக ஓர் ஊர்வலம் போகிறது. ஒரு பெண்ணின் தோலை உரித்தால் உள்ளே இன்னொரு பெண் இருக்கிறாள். அலுவலகத்தில் நிதானமாகப் பேசிக்கொண்டிருந்த பெரியவர் திடீரென்று ஜன்னல் வழியாகப் பாய்கிறார். கதை என்று ஒன்று இருக்கிறதா என்ற சந்தேகமே வந்துவிடும்.

இருக்கிறது. கறாரான துப்பறியும் கதை அது. ஒரு பொருள் திருட்டுப்போகிறது, எடுத்தவர் யார் என்று தேடுகிறார்கள், கண்டுபிடிக்கிறார்கள். குழப்பம் கதையில் இல்லை. ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் மூட்டுகளில் இருக்கிறது. திருட்டுப்போன கருவியில் உள்ள ஒரு தொழில்நுட்பக் குறைக்கும் அந்த மூட்டுகளுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டால் படம் திறந்துகொள்ளும். (முடிவு வரை இங்கே பேசப்படுகிறது, பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.)

## படம் யாருடையது

இயக்குநர் சதோஷி கோன். 1963-இல் ஹொக்கைடோ தீவின் சப்போரோவில் பிறந்தவர். மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளின் ஓவியராகத் தொடங்கி அனிமேஷனுக்கு வந்தார். முழுநீளப் படங்கள் நான்குதான்: ‘பெர்ஃபெக்ட் ப்ளூ’ (1997), ‘மில்லேனியம் ஆக்ட்ரஸ்’ (2001), ‘டோக்கியோ காட்ஃபாதர்ஸ்’ (2003), ‘பாப்ரிகா’ (2006). இடையில் 13 பகுதிகள் கொண்ட ஒரு தொலைக்காட்சித் தொடரும் செய்தார். 2010 ஆகஸ்டில், 46 வயதில், கணையப் புற்றுநோயால் இறந்தார். ‘பாப்ரிகா’தான் அவர் முடித்த கடைசிப் படம்.

மூலக்கதை யசுதக்கா சுட்சுயி 1993-இல் வெளியிட்ட நாவல். தயாரித்தது மேட்ஹவுஸ் ஸ்டுடியோ. 2006 வெனிஸ் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் முதலில் திரையிடப்பட்டது. படத்தில் ஒரு மது விடுதி வரும். அங்கே இரண்டு பணியாளர்கள் இருப்பார்கள். ஒருவருக்குக் குரல் கொடுத்தவர் சுட்சுயி, மற்றவருக்குக் கோன். நாவலாசிரியரும் இயக்குநரும் தங்கள் கதைக்குள்ளேயே வாடிக்கையாளருக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

## டிசி மினி என்ன செய்யும், என்ன செய்யாது

கதையின் மையத்தில் இருப்பது ‘டிசி மினி’ என்ற சிறு கருவி. மனநலச் சிகிச்சைக்காக ஓர் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. கண்டுபிடித்தவர் டாக்டர் டோகிடா: மேதை, மிகப் பருத்த உடல், சாப்பாட்டிலும் பொம்மைகளிலும் குழந்தையைப் போன்ற ஆசை. அதைத் தலையில் மாட்டிக்கொண்டால் மூன்று காரியங்கள் நடக்கும்:

1. தூங்குபவரின் கனவு பதிவாகும். விழித்திருப்பவர் அதைத் திரையில் பார்க்கலாம்.
2. இன்னொருவரும் கருவியை மாட்டிக்கொண்டு அதே கனவுக்குள் இறங்கலாம், அங்கே நடமாடலாம், பேசலாம்.
3. ஒருவரின் கனவை எடுத்து மற்றொருவரின் மனத்துக்குள் செலுத்தலாம்.

முதல் இரண்டும் சிகிச்சை. மூன்றாவது ஆயுதம். கருவியை உருவாக்கியவர்கள் முதல் இரண்டை மட்டும் மனதில் வைத்திருந்தார்கள் என்பதுதான் கதையின் முடிச்சு.

இப்போது அந்தக் குறைக்கு வருவோம். யார் எந்தக் கனவுக்குள் போகலாம் என்று தீர்மானிக்கும் அனுமதிக் கட்டுப்பாடு இந்தச் சோதனைக் கருவிகளில் இன்னும் பொருத்தப்படவில்லை. கடவுச்சொல் இல்லை, பயனர் வரம்பு இல்லை. கையில் கருவி இருந்தால் யாரும் யாருக்குள்ளும் போகலாம். அந்த நிலையில்தான் கருவிகள் களவு போகின்றன. சேவை முதலில், பாதுகாப்பு பிறகு என்று எத்தனையோ மென்பொருள்கள் வெளியாகியிருக்கின்றன. இங்கே திறந்து கிடப்பது வங்கிக் கணக்கு அல்ல, தூங்குபவரின் மனம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் உண்டு. அரசு அனுமதி கிடைக்கும் முன்பே டாக்டர் அட்சுகோ சிபா இந்தக் கருவியை வெளியே, சட்டத்துக்குப் புறம்பாக, நோயாளிகளுக்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். கனவுக்குள் போகும்போது அவர் சிபாவாகப் போவதில்லை; ‘பாப்ரிகா’ என்ற துடுக்கான இளம்பெண்ணாகப் போகிறார். ஆக, நம் பக்கத்து ஆட்களும் விதியை மீறியவர்கள்தான். படம் இதைப் பெரிதாகச் சுட்டிக்காட்டுவதில்லை, மறைப்பதுமில்லை.

## கதையை நேர்க்கோட்டில் வைத்தால்

1. கோனகாவா என்ற துப்பறியும் அதிகாரிக்கு ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வருகிறது. பாப்ரிகா அவருக்கு ரகசியமாகச் சிகிச்சை அளிக்கிறாள்.
2. டிசி மினிகள் காணாமல் போகின்றன. டோகிடாவின் உதவியாளர் ஹிமுரோமீது சந்தேகம் விழுகிறது.
3. ஆராய்ச்சிக் குழுத் தலைவர் ஷிமாவின் மனத்துக்குள், கடுமையான மனநோயில் இருக்கும் ஒருவரின் கனவு புகுத்தப்படுகிறது. அதுதான் அந்த ஊர்வலம்.
4. ஹிமுரோ குற்றவாளி அல்ல, அவரும் பலியானவர் என்று தெரிகிறது. பின்னால் இருப்பவர்கள் நிறுவனத் தலைவர் இனுயியும், சிபாவின் சக ஆய்வாளர் ஒசனாயும்.
5. கனவுகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே கனவாகின்றன. பிறகு அது டோக்கியோவின் தெருக்களுக்குள்ளேயே வழிந்துவிடுகிறது.
6. சிபா டோகிடாமீதான காதலை ஒப்புக்கொள்கிறார். சிபாவும் பாப்ரிகாவும் ஒன்றாகிறார்கள். குழந்தையாகத் தோன்றி வளரும் ஓர் உருவம், பூதாகரமாகிவிட்ட இனுயியை உறிஞ்சி விழுங்கிவிடுகிறது.

சக்கர நாற்காலியில் இருக்கும் இனுயி தன்னைக் கனவுகளின் காவலனாக நினைத்துக்கொள்பவர். மனிதனின் கடைசிப் புகலிடத்தில் விஞ்ஞானம் கை வைக்கக் கூடாது என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் புகலிடத்துக்குள் அவரே அதே கருவியை மாட்டிக்கொண்டு புகுந்து எல்லோரையும் ஆள நினைக்கிறார். காவலனுக்கும் கைப்பற்றுபவனுக்கும் இடையில் இருந்திருக்க வேண்டிய அந்த அனுமதிக் கட்டுப்பாடு இங்கேயும் இல்லை.

## வெட்டு: படத்தின் உண்மையான இயந்திரம்

சினிமாவில் கேமரா இடைவிடாமல் பதிவு செய்த ஒரு துண்டு, ஷாட். ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும் இடம், கட் அல்லது வெட்டு. வெட்டு நம் கண்ணை உறுத்தாமல் இருக்கச் சில விதிகள் உருவாகியிருக்கின்றன. முக்கியமானது 180 பாகை விதி. இருவர் எதிரெதிரே நின்று பேசினால் அவர்களுக்கிடையே ஒரு கற்பனைக் கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். தாண்டினால் இடது பார்த்தவர் வலது பார்ப்பதுபோலத் தெரிந்து, பார்ப்பவருக்கு இடம் குழம்பிவிடும்.

இந்த விதியைப் படத்துக்குள்ளேயே விளக்கிச் சொல்கிறார்கள். சினிமாவே பிடிக்காது என்று அடித்துச் சொல்லும் கோனகாவா, கனவுத் திரையரங்கு ஒன்றில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக, புகழ்பெற்ற ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் தோற்றத்தில் அமர்ந்துகொண்டு பாப்ரிகாவுக்கு இதைப் பாடம் நடத்துகிறார். அவருக்குச் சினிமா நன்றாகத் தெரியும் என்பது அங்கேதான் நமக்கு உறைக்கிறது. இயக்குநர் தான் எந்த விதியை உடைக்கப்போகிறார் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

கோன் பயன்படுத்தும் தாவல்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

1. அசைவில் ஒட்டிய வெட்டு. தொடக்கக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கோனகாவா ஒரு சர்க்கஸில் இருக்கிறார். திடீரென்று கூண்டுக்குள் மாட்டிக்கொள்கிறார். அவர்மீது பாயும் கூட்டத்தில் எல்லோருக்கும் அவர் முகமே. தரை இளகிக் கீழே விழுகிறார். விழும் அசைவு முடியும் முன்பே காட்டுக்குள் கொடியில் ஆடுகிறார். அடுத்த கணம் ஓடும் ரயிலில் சண்டை. அதன் பிறகு ஒரு நீண்ட நடைவழி, சுடப்பட்டு விழும் ஒரு மனிதன், அலைபோல நெளியும் தரை. இடம் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. ஆனால் உடலின் திசையும் வேகமும் அறுபடுவதில்லை. கண் அசைவைப் பின்தொடர்கிறது. இடம் மாறியதை மூளை தாமதமாகவே கவனிக்கிறது. நடிகர்களை வைத்துப் படமெடுத்தால் இரண்டு இடங்களில் ஒரே உடல்நிலையைத் துல்லியமாகப் பொருத்துவது பெரும்பாடு. அனிமேஷனில் ஒவ்வொரு சட்டகமும் வரையப்படுவது என்பதால் அந்தப் பொருத்தம் முழுக்க ஓவியரின் கையில் இருக்கிறது. காட்சிகளை முன்கூட்டியே வரைந்து வைக்கும் ஸ்டோரிபோர்டுகளைக் கோன் முடிந்த ஓவியம் போல நுணுக்கமாக வரைபவர். அந்த உழைப்பு இங்கே பலன் தருகிறது.

2. வெட்டே இல்லாத நழுவல். ஷிமாவின் காட்சி இதற்குச் சிறந்த உதாரணம். படத்திலேயே மிகப் பயங்கரமான காட்சியும் அதுதான் என்பேன். கருவித் திருட்டைப் பற்றி அறையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஷிமா ஒரு வாக்கியத்தைத் தொடங்குகிறார். இலக்கணம் சரியாக இருக்கிறது, குரலில் அதிகாரம் இருக்கிறது, ஆனால் பாதியில் பொருள் கழன்றுவிடுகிறது. தவளைகளின் குழலும் மேளமும் வருகின்றன, ஊர்வலம் வருகிறது. அவர் உற்சாகமாகப் பேசிக்கொண்டே ஓடி ஜன்னலை உடைத்துக் குதிக்கிறார். கனவுக்குத் தாவும் வெட்டு எதுவும் இங்கே இல்லை. வெட்டு வாக்கியத்துக்குள் நடந்துவிட்டது. வசனத்தைப் பாதிக் கவனத்தோடு படிப்பவர்கள் இந்த இடத்தில் மொழிபெயர்ப்புதான் தவறு என்று நினைத்துவிட வாய்ப்புண்டு.

3. பிறகுதான் தெரியவரும் வெட்டு. சிபா ஹிமுரோவின் வீட்டைச் சோதனையிடும்போது, கைவிடப்பட்ட பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றுக்குள் போய்விடுகிறார். ஒரு பொம்மையைப் பின்தொடர்ந்து ஒரு தடுப்பைத் தாண்ட முயல்கிறார். கடைசி நொடியில் பார்த்தால், அது உயரத்தில் இருக்கும் வீட்டுப் பால்கனியின் கைப்பிடிச் சுவர். மயிரிழையில் உயிர் தப்புகிறார். கவனிக்க வேண்டியது, அவர் அப்போது தூங்கவில்லை. தலையில் கருவியும் இல்லை. திரும்பத் திரும்பக் கருவியைப் பயன்படுத்திய மனங்கள் மாட்டாமலேயே பாதிக்கப்படும் நிலைக்கு வந்துவிட்டன. முதல் இரு வகைகளில் தாவியதைச் சற்றுத் தாமதமாகவேனும் அங்கேயே உணர்கிறோம். இதில் எங்கே தாவினோம் என்று திரும்பிப் போய்த் தேட வேண்டியிருக்கிறது.

மூன்றையும் வரிசையாக வைத்தால் இயக்குநரின் திட்டம் புலப்படும். படத்தொகுப்பு என்பதே ஓர் அனுமதிக் கட்டுப்பாடு. இந்தக் காட்சி இங்கே முடிந்தது, இனி வேறு இடம், வேறு மனிதர் என்று பார்ப்பவருக்கு எல்லை போட்டுத் தருவது அதன் வேலை. டிசி மினியில் எந்தப் பூட்டு இல்லையோ, அதையே கோன் தன் படத்தொகுப்பிலிருந்தும் கழற்றிவிடுகிறார். ஷிமாவின் மனத்துக்குள் அழைக்காமல் ஊர்வலம் புகுந்ததுபோல, ஒரு காட்சிக்குள் அடுத்த காட்சி அழைக்காமல் புகுகிறது. ‘எது நிஜம்?’ என்று நாம் தடுமாறும்போது பாதிக்கப்பட்டவர்களின் நிலையில் நம்மையே வைத்திருக்கிறார். ஆகவே அந்தக் குழப்பம் படம் நமக்கு விளக்கிச் சொல்லும் விதம். கதைசொல்லலில் நேர்ந்த கோளாறு என்று எண்ண வேண்டியதில்லை.

## ஊர்வலம் எங்கிருந்து வந்தது

ஃப்ரிட்ஜ், பழைய தொலைக்காட்சிகள், தபால் பெட்டி, கையசைக்கும் பூனைப் பொம்மை, டாருமா பொம்மைகள், கோயில் வாசலில் நிற்கும் டோரி வளைவு, புத்தர் சிலை, சுதந்திர தேவி சிலை, வாத்தியம் வாசிக்கும் தவளைகள். எல்லாம் மேளதாளத்தோடு நகர்கின்றன. இது ஏதோ போதைக் கற்பனை என்று தோன்றலாம். ஆனால் ஜப்பானியப் பார்வையாளருக்கு இதன் வேர் தெரியும்.

ஜப்பானிய நாட்டார் மரபில் ‘ஹ்யாக்கி யாக்யோ’ என்று ஒன்று உண்டு: இரவில் தெருவில் போகும் நூறு பேய்களின் ஊர்வலம். முரோமாச்சி காலத்து ஓவியச் சுருள்களில் இதை வரைந்திருக்கிறார்கள். கியோட்டோவின் டைதோகு-ஜி மடத்தைச் சேர்ந்த ஷிஞ்ஜு-ஆன் என்ற துணை மடத்தில் இருக்கும் 16-ஆம் நூற்றாண்டுச் சுருள் அவற்றில் புகழ்பெற்றது. அதில் ஊர்வலம் போகும் பேய்களில் பெரும்பாலானவை வீட்டுப் பொருட்கள்: வாத்தியங்கள், பாத்திரங்கள், குடைகள். கை கால் முளைத்து நடக்கின்றன. நெடுங்காலம் உழைத்து முதுமையடைந்த பொருளுக்கு உயிர் வரும் என்பது நம்பிக்கை. அந்தப் பொருட்பேய்களை ட்சுகுமோகாமி என்பார்கள். ஒரு பழைய கதையில், ஆண்டிறுதிச் சுத்தம் செய்யும்போது தூக்கியெறியப்பட்ட பொருட்கள் தங்களைக் கைவிட்ட மனிதர்களைப் பழிவாங்கப் புறப்படுகின்றன.

‘பாப்ரிகா’வின் ஊர்வலத்தில் போவதும் அப்படித் தூக்கியெறியப்பட்டவைதாம். 1960களிலும் 70களிலும் வாங்கிக் குவித்து, பிறகு தெருவோரம் வைத்துவிட்ட வீட்டுச் சாதனங்கள். வழிபட ஆளில்லாத சிலைகள். குழந்தைகள் வளர்ந்ததும் அலமாரியில் அடைபட்ட பொம்மைகள். படத்தில் கைவிடப்பட்ட பூங்கா வருவதற்கும் காரணம் இருக்கிறது. 1980களின் பொருளாதார வீக்கம் வெடித்த பிறகு ஜப்பானில் மூடிக்கிடந்த பூங்காக்கள் ஏராளம். கோனின் தலைமுறைக்கு அது பழகிய நிலக்காட்சி. ஆக, ஒரு நோயாளியின் தனிக்கனவு என்று தொடங்கிய ஊர்வலம் ஒரு நாடு மறக்க நினைத்தவற்றின் பட்டியலாகவும் இருக்கிறது. எல்லோர் மனத்திலும் அது அவ்வளவு எளிதாகப் பற்றிக்கொள்வதற்கு அதுவே காரணம் என்று தோன்றுகிறது.

ஊர்வலம் நகரத்துக்குள் வரும்போது நையாண்டி கூர்மையாகிறது. சீருடை மாணவிகளின் தலை இருக்க வேண்டிய இடத்தில் செல்பேசி. அவர்களைக் கீழிருந்து படமெடுக்கும் ஆண்களின் தலையும் செல்பேசி. கோட்டு சூட்டு அணிந்த அலுவலக ஊழியர்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டே மாடியிலிருந்து குதிக்கிறார்கள். கேமரா வைத்த செல்பேசி ஜப்பானில் 2000-இன் இறுதியிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. பெண்களைத் திருட்டுத்தனமாகப் படமெடுக்கும் தொல்லையும் கூடவே வந்தது. ஐபோன் வருவதற்கு முந்தைய ஆண்டின் படம் இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த நொடிகளைப் பார்க்க வேண்டும்.

இசையும் இதே சிந்தனைதான். இசையமைப்பாளர் சுசுமு ஹிரசாவா இந்தப் படத்தில் ‘வோகலாய்ட்’ என்ற மென்பொருள் குரலைப் பயன்படுத்தியிருக்கிறார். யமாஹா உருவாக்கிய தொழில்நுட்பம் அது: பதிவுசெய்யப்பட்ட மனிதக் குரல் துணுக்குகளைக் கொண்டு கணினியே பாடும். ஹட்சுனே மிகு என்ற வோகலாய்ட் பாடகி உலகப் புகழ் பெறத் தொடங்கியது 2007-இல். அதற்கு ஓராண்டு முன்பே ஹிரசாவா உடலில்லாத குரலை ஊர்வலத்தின் படத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்.

## சிபாவும் பாப்ரிகாவும்: இருவரா, ஒருவரா

சிபா: இறுக்கக் கட்டிய கூந்தல், அளந்த பேச்சு, சிரிக்காத முகம். பாப்ரிகா: சிவந்த குட்டை முடி, விளையாட்டு, எந்த வேடமும் போடும் லாவகம். வேண்டும்போது ஸ்பிங்க்ஸ் ஆவாள், கடல்கன்னி ஆவாள், மேகத்தில் பறக்கும் குரங்கு வீரன் ஆவாள். இருவருக்கும் குரல் கொடுத்தவர் மெகுமி ஹயஷிபாரா ஒருவரே.

இதைப் பிளவுபட்ட ஆளுமை நோய் என்று வாசிப்பது தவறான வழி. தொடக்கத்தில் பாப்ரிகா சிபாவின் தொழில் வேடம். மருத்துவரின் வெள்ளைக் கோட்டுக்கு நேர் எதிரான ஒன்று. பிறகு அவள் சிபாவின் பேச்சைக் கேட்க மறுக்கிறாள். ‘நீ என் ஒரு பகுதி’ என்று சிபா அதட்ட, நீதான் என் பகுதியாக இருக்கக்கூடாதா என்ற தொனியில் பதில் வருகிறது. ஒசனாய் பாப்ரிகாவைப் பட்டாம்பூச்சிபோல் மேசையில் குத்தி வைத்து, அவள் தோலுக்குள் கையை விட்டு உரித்து, உள்ளிருந்து சிபாவை வெளியே எடுக்கும் காட்சியும் இந்தப் பின்னணியில்தான் புரியும். ‘உண்மையானவள் உள்ளே இருக்கிறாள், மேலே இருப்பது உறை’ என்பது ஒசனாயின் நம்பிக்கை. கடைசியில் படம் அதை மறுக்கிறது. உறையும் உள்ளிருப்பதும் சேர்ந்தால்தான் இனுயியை எதிர்கொள்ள முடிகிறது.

இணையத்தில் வேறு பெயரில் உலவிய எவருக்கும் இது புதிதல்ல. கோனகாவா பாப்ரிகாவைத் தேடிப் போகும் மது விடுதி ஓர் இணையதளத்துக்குள் இருக்கிறது. ‘ரேடியோ கிளப்’ என்பது அதன் பெயர். கனவும் இணையமும் ஒரே மாதிரிதானே, அடக்கி வைத்த மனம் வெளியே வரும் இடங்கள்தானே என்று பாப்ரிகாவே ஓரிடத்தில் கேட்கிறாள். சுட்சுயியின் நாவல் 1993-இன் சரக்கு. இணைய விடுதியும் இந்தக் கேள்வியும் படத்துக்குள் இயல்பாகப் பொருந்துவதற்கு, இடைப்பட்ட 13 ஆண்டுகளில் ஜப்பானியர் பெயரில்லாமல் எழுதப் பழகியிருந்தது காரணம்.

## கோனகாவாவின் கிளைக்கதை

பலர் இதைத் துணைக்கதை என்று ஒதுக்குகிறார்கள். அனுமதியோடு கனவுக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்பதைப் படம் காட்டும் ஒரே இடம் இதுதான்.

அவர் கனவில் விழுந்து சாகும் மனிதன், அவர் விசாரிக்கும் கொலைவழக்கின் ஆள் என்றே முதலில் நினைக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக வேறொன்று வெளிவருகிறது. பதின்வயதில் அவரும் நண்பன் ஒருவனும் சேர்ந்து ஒரு சிறு படம் எடுத்தார்கள். அதில் இவர் போலீஸ், அவன் தப்பியோடுபவன். இவர் பாதியில் விட்டுவிட்டார். நண்பன் சினிமாவைத் தொடர்ந்தான், பின்னர் நோயில் இறந்துபோனான். முடிக்காத படத்தின் குற்றவுணர்வே கொலையாக வேடமிட்டு வந்துகொண்டிருந்தது. ஃப்ராய்ட் ‘இடப்பெயர்ச்சி’ என்று விவரித்தது இதைத்தான்: மனத்தை உறுத்தும் பொருளின் கனம், தொடர்பில்லாத வேறொன்றின் மேல் ஏறிக்கொள்வது.

தீர்வும் சினிமா வழியாகவே வருகிறது. ஒசனாயிடம் சிபா சிக்கியிருப்பதைக் கனவுத் திரையரங்கின் திரையில் பார்க்கும் கோனகாவா, திரைக்குள்ளேயே பாய்ந்து காப்பாற்றுகிறார். தன் பழைய நடைவழிக் காட்சியை, இந்த முறை முடித்து வைக்கிறார். படத்தில் போலீஸாக நடிக்க வேண்டியவர் வாழ்க்கையில் போலீஸாகவே ஆனார். அந்தப் படம் அப்படியாவது நிறைவேறியது என்பது அவருக்குப் பிடிபடுகிறது. நோயாளியின் சம்மதத்தோடு, நிதானமாக, ஒரு துணையோடு இறங்கிய கனவு குணமாக்குகிறது. சம்மதமில்லாமல் ஷிமாவுக்குள் இறங்கிய கனவு அவரை ஜன்னலுக்குக் கொண்டுபோகிறது. கருவி இரண்டிலும் ஒன்றே.

## நிஜத்தில் இது எவ்வளவு தூரம்

1. உறக்கத்தை அளத்தல். கண்கள் வேகமாக அசையும் உறக்கநிலைக்கும் கனவுக்கும் உள்ள தொடர்பை 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் அசெரின்ஸ்கியும் க்லைட்மனும் வெளியிட்டார்கள். கனவு ஆய்வகத்துக்குள் வந்தது அப்போதுதான்.

2. கனவை ஊகித்தல். 2013-இல் கியோட்டோ பகுதியின் ஏடிஆர் ஆய்வகத்தில் யுகியாசு கமிதானியின் குழு ஒரு முடிவை வெளியிட்டது. மூன்று பேரை மூளையின் ரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் ஸ்கேனருக்குள் தூங்கவைத்து, உறக்கம் பிடிக்கும் தறுவாயில் எழுப்பி, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் சுமார் 200 முறை. பிறகு விழித்திருக்கும்போது படங்களைக் காட்டிப் பதிவுசெய்த மூளைச் செயல்பாட்டோடு ஒப்பிட்டு, கனவில் கார் வந்ததா, பெண் வந்தாளா என்று இரண்டில் ஒன்றைக் கணிக்கக் கணினியைப் பழக்கினார்கள். சரியாக வந்தது சுமார் 60 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 சதவீதம் சரியாகும். ஆகவே இது சினிமாபோல் கனவைத் திரையில் ஓட்டுவது அல்ல. ஆனால் வாசல் பூஜ்யத்திலிருந்து கொஞ்சம் திறந்திருக்கிறது.

3. கனவைத் தூண்டுதல். இது வாசிப்பதைவிட மலிவானது, ஸ்கேனரே வேண்டாம். 2021-இல் அமெரிக்காவில் கூர்ஸ் என்ற பீர் நிறுவனம், சூப்பர் பௌல் போட்டியை ஒட்டி, தூங்கும் முன் ஒரு குறும்படத்தைப் பார்க்கவும் தூங்கும்போது ஓர் ஒலித்தொகுப்பைக் கேட்கவும் மக்களை அழைத்தது. தங்கள் பொருள் கனவில் வர வேண்டும் என்பது நோக்கம். அதே ஆண்டு சுமார் 40 உறக்க ஆய்வாளர்கள் கனவு விளம்பரத்துக்கு எதிராகப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்.

டிசி மினி இன்னும் கற்பனைதான். ஆனால் அதன் மூன்றாவது பயன்பாடு, அதாவது வெளியிலிருந்து ஒன்றைப் புகுத்துவது, முதல் இரண்டுக்கும் முன்பே சந்தைக்கு வந்துவிட்டது. பூட்டு பற்றிய விவாதம் இன்னும் கடித அளவில் இருக்கிறது.

## குறைகள்

படத்தைக் கொண்டாடுபவர்கள் இவற்றைச் சொல்வதில்லை. சிபா–டோகிடா காதல் எங்கிருந்து வந்தது என்று படம் போதுமான அளவு காட்டவில்லை. கடைசிக் கட்டத்தில் அறிவித்துவிட்டு நகர்கிறது. டோகிடாவின் பருமனை வைத்துச் செய்யும் நகைச்சுவை இன்று பார்க்கையில் மலிவாக இருக்கிறது. அதிலும் லிஃப்டில் அவர் சிக்கிக்கொள்ளும் இடம். உடல் ஊனத்தை வில்லத்தனத்தின் காரணமாக்கும் பழைய வழக்கத்திலிருந்து இனுயியும் தப்பவில்லை. பாப்ரிகாமீதான வன்முறைக் காட்சியை விமர்சனமாகவும் வாசிக்கலாம். ஆனால் கேமரா அதில் தேவைக்கு மேல் தங்குகிறது என்பது என் கருத்து. கடைசிப் பத்து நிமிடத்தில் தர்க்கம் தளர்கிறது. அதைக் கனவின் தர்க்கம் என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் அதுவரை படம் தன் விதிகளை அவ்வளவு கறாராக வைத்திருந்ததால் தளர்வு தெரியத்தான் செய்கிறது.

## ‘இன்செப்ஷன்’ இதிலிருந்து எடுத்ததா?

இந்தக் கேள்வி தவறாமல் வரும். 2010-இல் வந்த அந்த ஹாலிவுட் படத்திலும் நிலை தடுமாறச் சுழலும் ஒரு நடைவழி உண்டு, மாடிக்கு ஒரு நினைவாக நிற்கும் லிஃப்ட் உண்டு. ஒற்றுமைகள் கண்ணுக்குத் தெரிபவை. ஆனால் இரண்டும் எதிர்த்திசையில் போகின்றன. அங்கே கனவு அடுக்கடுக்காக, விதிமுறைகளோடு, கட்டடம்போல் இருக்கிறது. எந்த அடுக்கில் இருக்கிறோம் என்று பார்ப்பவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். இங்கே அடுக்குகளே கரைந்துபோவதுதான் கதை.

## எந்த வரிசையில் பார்ப்பது

கோனுக்குப் புதியவர்கள் ‘பாப்ரிகா’விலிருந்து தொடங்காமல் இருப்பது நல்லது. முதலில் ‘மில்லேனியம் ஆக்ட்ரஸ்’. ஒரு முதிய நடிகையின் நினைவும் அவர் நடித்த படங்களும் கலப்பதால், அசைவில் ஒட்டிய வெட்டு அங்கே அன்பான வடிவில் பழக்கமாகிவிடும். பிறகு ‘பெர்ஃபெக்ட் ப்ளூ’. அதே உத்தி அங்கே அச்சமூட்டும். அதன் பின் ‘பாப்ரிகா’. ஏற்கெனவே ஒரு முறை பார்த்தவர்கள் இரண்டாம் முறை கதையை விட்டுவிட்டு, ஒவ்வொரு காட்சியிலும் டிசி மினியை யார் மாட்டியிருக்கிறார்கள், யார் மாட்டவில்லை என்பதை மட்டும் கணக்கு வைத்துக்கொண்டு பார்க்கலாம். கணக்கு எந்த இடத்தில் பயனில்லாமல் போகிறதோ, அங்கிருந்து நகரம் முழுக்க ஒரே கனவு.